கசங்காத விரிப்பு: ஹோட்டல் அறைப் படங்களும் துடைக்கப்படும் உழைப்பும்

நட்சத்திர ஹோட்டல் அறையின் விளம்பரப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்த ஊர், எந்த நாடு என்பது முக்கியமில்லை. அதை முக்கியமில்லாமல் ஆக்குவதுதான் இந்தப் படத்தின் முதல் வேலை. வெள்ளை விரிப்பு, நாலைந்து தலையணை, எரியும் மேசை விளக்கு, திரை விலகிய ஜன்னலில் அந்தி நீலம். ஒயர் இல்லை, குப்பைக்கூடை இல்லை. ஆளும் இல்லை.

'அறையைக் காட்டுகிறது' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி ஓர் அறை ஒரு கணம்கூட இருந்ததில்லை. உள்ளே இருக்கும் வெளிச்சமும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வெளிச்சமும் ஒரே சொடுக்கில் கேமராவுக்குள் அடங்குவது கஷ்டம். ஜன்னலுக்கு அளவு வைத்தால் அறை இருண்டுபோகும். அறைக்கு வைத்தால் ஜன்னல் வெளுத்துப்போகும். ஆகவே ட்ரைபாடை அசைக்காமல் ஜன்னலுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, மூலை இருட்டுக்கு ஃப்ளாஷ் போட்டு ஒன்று என்று எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அகலக் கோண லென்ஸ் அறையை நீட்டிவிடுகிறது. ஷிஃப்ட் லென்ஸ் சுவர்களைச் சாயவிடாமல் நிமிர்த்துகிறது. கேமரா நிற்பது பெரும்பாலும் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே. நின்று பார்க்கிறவரின் கண் உயரம் அது இல்லை. அப்போ யாருடைய கண்?

இதெல்லாம் தொழில் நுணுக்கம், இதுல என்ன அரசியல் இருக்கு என்று கேட்கலாம். படம் பொய் சொல்கிறது என்று நிறுவுவது சுலபம். விளம்பரங்களைப் பற்றி நாம் ரொம்ப நாளாகச் செய்துவரும் காரியம்தான் அது. எனக்குச் சிக்கலாகப் படுவது வேறு. இந்தப் படம் எடுத்து முடித்ததும் அறைக்கே திரும்பி வருகிறது. இந்த வகை அறையில் தலையணை இப்படி, துண்டு இப்படி, பேனா இந்தப் பக்கம் என்று படம் போட்டே பெரிய ஹோட்டல்களில் பயிற்சி கொடுக்கிறார்கள். சூப்பர்வைசர் வந்து சரிபார்ப்பதும் அதை வைத்துத்தான். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை இங்கே தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது: அறைதான் படத்தின் நகல். விருந்தாளி எழுந்து போனதும், கசங்கிய படுக்கையை மறுபடியும் படமாக மாற்ற ஓர் உடல் தேவைப்படுகிறது. உலகம் முழுக்கவும் அது அநேகமாகப் பெண் உடல்.

1999இல் அமெரிக்காவில் வெஸ்டின் ஹோட்டல்கள் 'ஹெவன்லி பெட்' என்ற படுக்கையை அறிமுகப்படுத்தின. அதற்கு முன்பு அங்கே வழக்கத்தில் இருந்தது அழுத்தமான நிறத்தில், பூப்போட்ட மேல்விரிப்பு. கறை தெரியாது, அடிக்கடி துவைக்கவும் வேண்டாம். வெஸ்டின் எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. கனத்த மெத்தை, அடுக்கடுக்காக விரிப்புகள், கூடுதல் தலையணைகள். மற்ற கம்பெனிகள் போட்டியில் இறங்கின. பத்திரிகைகள் இதைப் 'படுக்கை யுத்தம்' என்றே எழுதின. வெள்ளை என்பது படத்தில் சுத்தத்தின் குறி. அதே வெள்ளை, விரிக்கிறவளுக்குத் தினசரிச் சலவையும் கூடுதல் தூக்கலும்தான். மெத்தையின் நாலு மூலையையும் தூக்கித்தானே விரிப்பைச் செருக முடியும்.

தொழில் மருத்துவம் குறித்த அமெரிக்க இதழ் ஒன்றில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, சங்கம் உள்ள 50 அமெரிக்க ஹோட்டல்களின் 2003–2005 காயப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. ஹோட்டல் தொழிலாளர்கள் மொத்தத்துக்கும் ஆண்டுக்கு நூறு பேருக்கு 5.2 காயங்கள்; அறை சுத்தம் செய்பவர்களுக்கு 7.9, அவர்களிலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு 10.6. இதை மெத்தையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாதுதான். ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை அறை என்ற கோட்டா இருக்கிறது. குனிந்து தேய்க்கும் குளியலறைத் தொட்டி இருக்கிறது. அந்த வேலைக்கு எந்த இனத்துப் பெண்ணை எடுக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. ஆனால் அந்த முதுகுவலி மேசைவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அட்ஜேயின் ஆளில்லாத பாரிஸ் தெருப் படங்களை, குற்றம் நடந்த இடத்தைப் படம் எடுத்ததுபோல் என்று பார்த்தார் வால்டர் பெஞ்சமின். அங்கே தடயம் தேடலாம். ஹோட்டல் படத்தில் தேட முடியாது, ஏனென்றால் தடயத்தைத் துடைப்பதே அவளுடைய வேலை. தலைமுடி, விரல் ரேகை, கடைசியில் தன் கைச் சுருக்கம் உட்பட.

இங்கே ஸோஃபி கால் ஞாபகத்துக்கு வருகிறார். 1981இல் வெனிஸ் ஹோட்டல் ஒன்றில் மூன்று வாரம் தற்காலிகப் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து, தனக்கு ஒதுக்கப்பட்ட பன்னிரண்டு அறைகளில் விருந்தாளிகள் இல்லாத நேரம் பார்த்துப் படம் எடுத்தார்: கலைந்த படுக்கை, திறந்த பெட்டி, குப்பைக்கூடை, டைரி. அந்தரங்க மீறல் என்று இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. படுக்கை விரிக்கிற கையில் கேமரா வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். விளம்பரப் படம் எதையெல்லாம் வெளியே தள்ளுகிறதோ அதெல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. ஆனாலும் அவர் துருவியது விருந்தாளியின் வாழ்க்கையைத்தான். பக்கத்து அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவளின் நாளை அல்ல. மூன்று வாரத்தில் கிளம்பிவிடவும் அவரால் முடிந்தது.

கிளம்ப முடியாதவர்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள். ஸ்பெயினில் அறை சுத்தம் செய்யும் பெண்கள் தங்கள் அமைப்புக்கு 'லாஸ் கெல்லிஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 'சுத்தம் செய்கிறவளுக' என்பதன் ஸ்பானியக் கொச்சை. ஒப்பந்தக் கம்பெனிகளிடம் வேலையைத் தள்ளிவிடாதே, இந்த வேலையால் வரும் வலிகளைத் தொழில் நோயாக ஒத்துக்கொள் என்பவை அவர்களின் கோரிக்கைகளில் முக்கியமானவை. கலிஃபோர்னியாவில் பணிப்பெண்களின் சங்கம் பல ஆண்டுகள் விடாப்பிடியாக நின்றதில், அவர்களுடைய தசை, மூட்டுக் காயங்களைத் தடுக்க எழுத்துபூர்வமான திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2018இல் ஹோட்டல்களுக்கு வந்தது.

அழகியல் பற்றி இவர்கள் யாரும் பேசவில்லைதான். ஓர் அறைக்கு எத்தனை நிமிஷம் என்று அவர்கள் கேட்பது எனக்கு அழகியல் கேள்வியாகத்தான் கேட்கிறது. படப்பிடிப்பு அன்றைக்கு ஒரே அறைக்குச் சில மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. விரிப்பைக் கட்டில்மேலேயே வைத்து ஆவி பிடித்துச் சுருக்கம் எடுக்க ஆள் இருக்கிறது, தலையணையின் மூலை தொங்கினால் நிமிர்த்தி வைக்க ஆள் இருக்கிறது. மறுநாள் அதே அறையை அதே மாதிரி ஆக்க அவளுக்குக் கிடைப்பது அரைமணி நேரம். பல இடங்களில் அதுவும் இல்லை.