வேல்ஸ் நாட்டுக் கோட்டைகளும் சுற்றுலாக் கண்ணும்

கோட்டை பார்க்கச் செல்வோரிற் பலர் மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். மதில் எவ்வளவு உயரம், கோபுரம் எத்தனை, நுழைவுச்சீட்டு என்ன விலை, உச்சியில் நின்றால் கடல் எவ்வளவு தொலைவு தெரியும் என்பனவெல்லாம் அவர்தம் குறிப்பேட்டில் ஏறிவிடுகின்றன. அம்மதில் யாருக்கு அஞ்சி எழுந்தது, யாரை வெளியே நிறுத்த எழுந்தது என்னும் வினா மட்டும் ஏறுவதில்லை. தமிழில் வெளிவரும் பயணக் கட்டுரைகளிலும் இக்குறை மலிந்து காணப்படுகிறது. 'கண்கொள்ளாக் காட்சி' என்னும் தொடர் எந்த நாட்டுக் கோட்டைக்கும் பொருந்திவிடுகிறது; அதனாலேயே அது எந்தக் கோட்டையைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. மாணவர்க்குக் கட்டுரை பயிற்றும் ஆசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு நல்ல உரைகல் பிரிட்டனின் மேற்குப் பகுதியில் உள்ள வேல்ஸ் நாடு. அந்நாட்டின் வடபுலத்தில் கான்வி, கார்னார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் என நான்கு கோட்டைகள் உள்ளன. கான்வி, கார்னார்வன் என்னும் ஊர்களின் நகர மதில்களும் அவற்றோடு சேர்ந்து 1986இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் அவை பெற்ற பெயர் கருதத்தக்கது. குவினெத் நாட்டில் எட்வர்டு மன்னரின் கோட்டைகளும் நகர மதில்களும் என்பது அதன் பொருள். நிலம் குவினெத், கோட்டையோ எட்வர்டினுடையது. இவ்விரண்டு பெயரும் ஒரே வரியில் நிற்பது எப்படி என்று கேட்பவனுக்கே கோட்டை வாய் திறக்கும்.

குவினெத் என்பது வேல்ஸ் இளவரசர் ஆண்ட நாடு. இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு அதன்மீது 1277இல் ஒருமுறையும், 1282–83இல் மறுமுறையும் படையெடுத்தான். முதற்போரை ஒட்டிப் பிளிண்ட், ருட்லன் முதலிய கோட்டைகள் எழுந்தன. ருட்லனுக்குக் கப்பல் வரவேண்டும் என்பதற்காக ஓர் ஆற்றையே இரண்டு மைலுக்கு மேல் நேராக வெட்டித் திருப்பினர். இரண்டாம் போரில், 1282ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், இளவரசன் லுவெலின் கொல்லப்பட்டான். அவன் தம்பி டாவித் பிடிபட்டு, மறு ஆண்டு ஷ்ரூஸ்பரி நகரில் கொடிய முறையில் தூக்கிலிடப்பட்டான். அந்த 1283ஆம் ஆண்டிலேயே கான்வி, கார்னார்வன், ஹார்லெக் மூன்றிலும் கொத்தர் வேலை தொடங்கிவிட்டனர். நாடு கைக்கு வந்த பின் எழுந்தவை இவை. வந்த நாடு போய்விடுமோ என்ற அச்சத்தில் எழுந்தவை.

கான்வியில் நிற்பவர் எட்டுக் கோபுரங்களைக் காண்கின்றனர். ஊரைச் சுற்றி ஏறக்குறைய முக்கால் மைல் மதிலையும் இருபத்தொரு கோபுரங்களையும் காண்கின்றனர். நகர மதிலின் ஒரு பகுதியில் வரிசையாகப் பன்னிரண்டு கழிப்பிடங்கள் வெளிப்புறம் துருத்தி நிற்பதைக் காட்டி வழிகாட்டிகள் சிரிக்க வைப்பதும் உண்டு. சிரிப்பது தவறன்று. ஆனால் அவ்வூர் எதன்மீது அமைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே முன்பு இருந்தது ஒரு கிறித்தவத் துறவியர் மடம். மாண்ட லுவெலினின் பாட்டன், பெரிய லுவெலின் எனப்படுபவன், 1240இல் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. மன்னன் மடத்தை ஆற்றுக்கு மேலே வேறோர் ஊருக்குப் பெயர்த்தான். குலத்தின் கல்லறை இருந்த மண்ணிலே தன் கோட்டையையும் தன் நாட்டுக் குடிகளுக்கான நகரையும் அமைத்தான். மதிலுக்குள் ஆங்கிலக் குடிகள் சலுகையோடு வாழ்ந்தனர். வேல்ஸ் மக்களின் குடியிருப்புக்கும் வாணிகத்துக்கும் தடைகள் இருந்தன. இடம் தேர்ந்தவன் போர்த்தொழில் மட்டும் அறிந்தவனல்லன். மக்கள் நெஞ்சில் எவ்விடம் நோகும் என்பதையும் அறிந்தவன்.

கார்னார்வன் இதனினும் நுட்பமானது. மற்றக் கோட்டைகளின் கோபுரங்கள் வட்டம். இதன் கோபுரங்கள் பலகோணம். மதிலில் இரு நிறக் கற்கள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. கான்ஸ்டாண்டிநோப்பிள் நகரின் மதிலை நினைவூட்டவே இவ்வாறு கட்டினர் என்பது வரலாற்றறிஞர் பலர் கொண்ட கருத்து, மறுப்பாரும் உளர். ஆயினும் ஒன்று தெளிவு. அவ்வூருக்கு அருகே ரோமர் கட்டிய பழங்கோட்டை ஒன்று இருந்தது. ரோமப் பேரரசன் ஒருவன் கனவிலே ஆற்றுமுகத்தில் ஒரு பெருங்கோட்டையையும் அதிலே ஒரு மங்கையையும் கண்டு, அவளைத் தேடி அந்நாடு வந்தான் என்பது வேல்ஸ் மக்களின் பழங்கதை. 'மாக்சென் கண்ட கனவு' என்று அதனை அவர்கள் வழங்குவர். அந்த ஆற்றுமுகத்திலேயே எட்வர்டு கோட்டை எடுத்தான்; அதன் தலைமைக் கோபுரத்தின்மீது கல்லாற் செய்த கழுகுகளும் ஏறின. நிலத்தைக் கொண்டவன் கதையையும் கொண்டான் என்றே இதனைக் கொள்ளல் வேண்டும். ஒரு மக்களின் கனவைக் கல்லில் வடித்து, அதன் வாயிலில் காவலரை நிறுத்துவது எளிய வெற்றியன்று.

இக்கோட்டையிற் பெரிதும் விரும்பிச் சொல்லப்படும் கதை மற்றொன்று. ஆங்கிலம் பேசாத இளவரசன் ஒருவனைத் தருவேன் என்று வேல்ஸ் தலைவர்களுக்கு எட்வர்டு வாக்களித்து, அங்கே பிறந்த தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினான் என்பது அது. கேட்கச் சுவையானதுதான். ஆனால் அது பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் எழுத்தில் காணப்படவில்லை. குழந்தை 1284 ஏப்ரலில் கார்னார்வனில் பிறந்தது உண்மை. அப்போது அதற்கு அல்போன்சோ என்னும் அண்ணன் உயிரோடிருந்தான். பட்டத்துக்கு உரியவன் அவனே. அவன் ஆகஸ்டில் இறந்தான். பிறந்த குழந்தை வேல்ஸ் இளவரசன் என்னும் பட்டம் பெற்றது 1301இல்தான். வென்றவன் நயமாக ஏமாற்றினான் என்று சொல்லிச் சிரிக்கும்போது, தோற்றவர் ஏமாளிகள் என்பதும் சொல்லாமற் சொல்லப்படுகிறது. சுற்றுலாக் கதைகளிற் பலவற்றுக்கு இவ்வியல்பு உண்டு. அவை பொய்யாயிருப்பதைவிட, யாருக்கு வசதியான பொய் என்பதே ஆராயத்தக்கது.

வேல்ஸ் இளவரசர்க்குப் பட்டம் சூட்டும் விழா தொன்றுதொட்டு அக்கோட்டையில் நடந்துவருவதாகவும் பலர் எண்ணுகின்றனர். அங்கே அது முதன்முதல் நடந்தது 1911இல். அதற்கு முன்னின்று உழைத்தவர் வேல்ஸ் மொழி பேசிய அமைச்சரும் அக்கோட்டையின் காவற்பதவி வகித்தவருமான லாயிட் ஜார்ஜ். மறுபடியும் 1969இல் நடந்தது. அவ்விழாவுக்கு முந்திய இரவு, ஆபர்கெலி என்னும் ஊரில், தாம் வைக்க எடுத்துச் சென்ற குண்டு வெடித்து வேல்ஸ் நாட்டவர் இருவர் மாண்டனர். பழங்கல் என்று பேர் பெற்ற ஒன்று, ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு கழிந்தும் குளிரவில்லை.

பியூமாரிஸ் கோட்டையின் பெயர் பிரெஞ்சு மொழியில் அழகிய சதுப்புநிலம் எனப் பொருள்படும். ஒன்றுக்குள் ஒன்றாக இரு மதில், சுற்றிலும் அகழி, கப்பல் வந்து அணையும் துறை. கட்டடக் கலைஞர் இதன் ஒழுங்கை வியந்து கூறுவர். வியக்கட்டும். மன்னனின் தலைமைக் கட்டடப் பொறுப்பாளர் மாஸ்டர் ஜேம்ஸ் 1296இல் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று எஞ்சியுள்ளது. நானூறு கொத்தர், இரண்டாயிரம் எளிய வேலையாட்கள், இருநூறு கல்லுடைப்போர், நூறு வண்டிகள், முப்பது படகுகள் என்று கணக்குக் காட்டிப் பணம் கேட்கிறது அது. கூலி நிலுவையில் நிற்பதும், வேல்ஸ் மக்களை நம்பவியலாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. எந்த வழிகாட்டிப் புத்தகமும் தராத கோட்டை இக்கடிதத்தில் இருக்கிறது. அருகிருந்த லான்வேஸ் என்னும் செழித்த ஊரின் மக்கள் தீவின் மறுபுறம் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டனர். அவர்க்கு அமைந்த ஊரின் பெயர் புதூர் என்னும் பொருளுடையது. கோட்டையோ கடைசிவரை முடியவேயில்லை. பணம் ஸ்காட்லாந்துப் போருக்குப் போயிற்று.

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு சிந்தனை எழுதல் இயல்பு. மதிலை வளைப்போனுக்கு உழிஞையும் காப்போனுக்கு நொச்சியும் சூட்டிப் பார்த்தது தமிழ்ப் புறத்திணை மரபு. தொல்காப்பியம் இரண்டையும் உழிஞையில் அடக்கிற்று. புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனித் திணையாக்கிற்று. எவ்வாறாயினும் உள்ளிருப்பவன் மண்ணுக்குரியவன், வெளியில் நிற்பவன் வந்தவன் என்பது அங்கே பொதுநிலை. குவினெத்தில் இது தலைகீழாயிற்று. வந்தவன் மதிலுக்குள் இருந்தான். மண்ணுக்குரியவன் வெளியில் நின்றான். 1294இல் மாடோக் என்பவன் தலைமையில் கிளர்ந்தவர்கள் கார்னார்வன் நகர மதிலைத் தகர்த்து, முடியாதிருந்த கோட்டைக்குத் தீ வைத்தபோது, தம் சொந்த நாட்டிலேயே உழிஞை சூடியவர் ஆயினர். 1401இல் புனித வெள்ளியன்று, கான்விக் காவலரிற் சிலர் வழிபாட்டுக்குச் சென்றிருந்த வேளையில், டியூடர் உடன்பிறப்பினர் இருவர் நாற்பது பேருடன் சூழ்ச்சியால் உட்புகுந்து அதனைக் கைப்பற்றினர். எவ்வளவு மாண்புடைய அரணும் வினைமாண்பு இல்லாதாரிடத்துப் பயன்படாது என்று அரண் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் வைத்த கருத்துக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. 1404இல் ஒவைன் கிளிண்டூர் ஹார்லெக்கைப் பிடித்து 1409 வரை தன் இருப்பிடமாக வைத்திருந்தான். அந்த ஐந்தாண்டு மட்டும் திணை நேரானது.

இனி, சுற்றுலாக் கண் காணாத கோட்டைகள் சில உண்டு. வேல்ஸ் இளவரசர் தாமே கட்டியவை அவை. டோல்பாடர்ன், டோல்விதெலன், காஸ்டெல் அ பேர் என்னும் பெயர்களைப் பயண விளம்பரங்களில் தேடினாலும் எளிதிற் காண்பதில்லை. டோல்பாடர்ன் கோட்டை லான்பெரிஸ் ஏரிக்கருகே, மலைகளுக்கிடையே, ஏறக்குறைய ஐம்பது அடி உயர வட்டக் கோபுரம் ஒன்றாக நிற்கிறது. பெரிய லுவெலின் எடுப்பித்தது அது. ஆங்கில ஓவியர் டர்னர் அதனை வரைந்து புகழ் சேர்த்தார். எட்வர்டின் ஆட்கள் அதைக் கைப்பற்றிய பின், அதன் மரங்களைப் பெயர்த்துக் கார்னார்வன் கட்டட வேலைக்குக் கொண்டுபோயினர். ஹார்லெக்கிலும் அப்படியே, லுவெலினின் மரமண்டபம் ஒன்றைப் பிரித்து எடுத்துச்சென்று கோட்டைக்குள் நிறுத்தினர். மலாக்காவில் 1511இல் போர்த்துகீசியர் பள்ளிவாசல்களையும் அரசர் கல்லறைகளையும் இடித்த கல்லைக்கொண்டு கோட்டை எழுப்பினர் எனக் கூறும் வரலாறு இந்நாட்டினர் அறிந்ததே. எஞ்சிய ஒற்றை வாயிலில் நின்று படம் எடுப்போரில் எத்தனை பேர் கல்லை உற்றுப் பார்க்கின்றனர்?

இவ்வாறு கூறுவதால் எட்வர்டின் கோட்டைகளைக் காண்பது பிழை என்பது கருத்தன்று. அவை மெய்யாகவே உயர்ந்த கட்டடங்கள்; மாஸ்டர் ஜேம்ஸ் மெய்யாகவே பெருங்கலைஞர். அழகை ஒப்புக்கொள்ள மறுப்பதும் ஒருவகைக் குருட்டுத்தன்மையே. வேல்ஸ் மக்கள் அவற்றை இடிக்கவில்லை. 1984இல் அமைந்த காடு என்னும் அரசுத் துறை அவற்றைப் பேணி வருகிறது; வேல்ஸ் மொழியில் அச்சொல்லுக்குக் காத்தல் என்பதே பொருள். கார்னார்வன் வாயிற்கோபுரத்தின் மேல்தளத்துக்கு முதியோரும் உடற்குறையுள்ளோரும் ஏறிச்செல்ல மின்தூக்கி 2023இல் அமைந்தது. மக்களின் இசைவு எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதும் தெரிந்ததே. 2017இல் பிளிண்ட் கோட்டையருகே மாபெரும் இரும்பு வளையம் ஒன்றைச் சிற்பமாக நிறுத்தும் திட்டம் வெளியாயிற்று. எட்வர்டின் கோட்டை வரிசையை இரும்பு வளையம் என்று வழங்குவது வழக்கம். பழைய விலங்கைப் புதிதாக வார்த்துப் பணம் செலவிடுவதா என்று பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். சில வாரங்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. கோட்டையைக் காக்க ஒப்பியவர் வளையத்தை ஒப்பவில்லை. முன்னது நடந்ததற்குச் சான்று. பின்னது நடந்ததற்குப் பாராட்டு. இவ்வேறுபாட்டை அவர்கள் நன்கறிவர். பயணக் கட்டுரை எழுதுவோரே அறிய வேண்டியவர்.

வேல்ஸ் மக்களை வெளியே நிறுத்த எழுந்த கார்னார்வன் மதிலுக்குள் இன்று கடை வைத்திருப்போரும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் பேசுவது பெரும்பாலும் வேல்ஸ் மொழி. ஊராரில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் குறையாமல் அம்மொழி அறிந்தவர். உலகில் அம்மொழி இவ்வளவு செறிவாக வழங்கும் நகரங்கள் மிகச் சில. இச்செய்தி கழுகுக் கோபுரத்தின் உச்சியில் நின்றால் தெரியாது. கீழே சந்தைத் திடலில் நின்று காது கொடுத்தால் தெரியும். ஆங்கில வழிகாட்டி ஒருவரின் பின்னே கூட்டமாகச் சென்று, ஒரு மணிக்குள் வண்டிக்குத் திரும்புவோர்க்கு அந்தக் காது வாய்ப்பதில்லை.

ஆகவே அந்நாடு செல்லும் வாய்ப்புப் பெறும் தமிழர் தம் பயண வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். முதலிற் கார்னார்வன், நேரம் மிஞ்சினால் மற்றவை என்பதே பயண நிறுவனங்களின் முறை. முதல்நாட் காலை லான்பெரிஸ் சென்று டோல்பாடர்ன் ஏறுக. அங்கே நுழைவுச்சீட்டு இல்லை, கூட்டமும் இல்லை. கோபுரத்தின் உட்சுவரில், தளங்களைத் தாங்கிய மரங்கள் பொருந்தியிருந்த இடங்கள் வெறுமையாய் நிற்பதைக் காண்க. பிறகு அங்கிருந்து ஏழெட்டு மைல் கடற்புறமாகச் சென்றால் கார்னார்வன் வரும். மரங்கள் சென்ற வழியும் அதுவே.