முதலில் விளிம்பு

வயிற்றில் பெரிய கட்டி. சிடி படங்கள் திரையில் ஒவ்வொன்றாக நகர்கின்றன. பழகாத கண் நேராகக் கட்டியின் நடுவுக்குப் போய்விடும். தேர்ந்த ரேடியாலஜிஸ்ட்டோ அதன் விளிம்பில்தான் நிற்பார். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கட்டி எந்த உறுப்பில் முளைத்தது என்பதுதான் அங்கே அவர் தேடும் விடை. வலப்பக்கத்தில் கல்லீரல், சிறுநீரகம், அட்ரீனல் சுரப்பி மூன்றையும் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டி என்றால் அதைச் சொல்வது லேசில்லை. சிறுநீரகத்திலேயே முளைத்திருந்தால், அதன் திசு இரு பக்கமும் கூராக நீண்டு, பருந்தின் நகம்போலக் கட்டியைக் கவ்வியிருக்கும். வெளியிலிருந்து நெருக்கும் கட்டியானால் சிறுநீரகம் அமுங்கி, விளிம்பு மழுங்கியிருக்கும். குறுக்குவெட்டில் ஏமாற்றும் விளிம்பு, நெடுக்குவெட்டில் பிடிபட்டுவிடுவதும் உண்டு. கூரா, மழுங்கலா? சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான். சிறுநீரகத்தை எடுக்க வேண்டுமா, விட்டுவைக்கலாமா என்ற முடிவே அதனால் மாறக்கூடும்.

அதன் பிறகுதான் உள்ளே. சிடியில் திசுவின் அடர்த்தியை எண்ணால் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு -100-ஐ ஒட்டி. சிறுநீரகக் கட்டிக்குள் சின்னதாய் ஒரு கறுப்புத் திட்டு. கர்சரை வைத்தால் -80. கொழுப்பு! அநேகமாக அது ஆஞ்சியோமயோலிப்போமா, புற்றல்லாத கட்டி. சூலகக் கட்டியில் கொழுப்போடு ஒரு பல்லும் தெரிந்தால் டெர்மாய்ட் என்று சொல்லிவிடலாம்.

அந்த அளவுகோலுக்குப் பெயர் தந்தவர், சிடியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971-இல் லண்டனில் அவரது கருவி முதல் நோயாளியின் மூளையைத்தான் படமெடுத்தது. படமெடுக்கவே நிமிடங்கள் பிடித்த காலம் அது; மூச்சுக்கு மூச்சு அசையும் வயிறு அதற்கு அகப்படாது. இன்று ஒரே மூச்சடக்கலில் வயிறு முழுவதும் முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தால்தான் கட்டிக்குள் ரத்தம் பாய்வதையே கட்டம் கட்டமாகப் பார்க்க முடிகிறது.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தருவது போர்ட்டல் சிரை. அங்கே தோன்றும் ஈரல்செல் புற்றுக்கோ தமனிதான் ஆதாரம். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி 35 நொடியளவில் புற்று பளிச்சிடும். 70 நொடி வாக்கில் கல்லீரல் ஒளிரத் தொடங்க, புற்று மங்கும். ரத்தநாளக் கட்டியான ஹீமாஞ்சியோமாவின் போக்கு வேறு: விளிம்பில் முடிச்சு முடிச்சாக ஒளிர்ந்து, அவசரமே இல்லாமல் நடுவை நோக்கி நிரம்பும். இந்த நிரம்பல் முறையாகத் தெரிந்துவிட்டால், பெரும்பாலும் ஊசி குத்தித் திசு எடுக்கும் தேவையே இராது.