ரெவிட் ஷெட்யூல்: கணக்குப் போடும், கணக்குக் காட்டாது

ரெவிட்டின் 'கால்குலேட்டட் வேல்யூ' பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் அதை எப்படிச் சேர்ப்பது என்பதோடு நின்றுவிடுகின்றன. சேர்ப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஃபீல்ட்ஸ் பக்கம் போய், பெயர் வைத்து, ஃபார்முலா எழுதினால் அவ்வளவுதான். அப்படிப் பிறக்கிற எண்ணுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐபிசி கட்டட விதித்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். வகுப்பறையில் ஆளுக்கு 20 சதுர அடி நிகரப் பரப்பு என்று கணக்கு. மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால் 49 பேர் வரை ஒரு வெளியேறும் வழி போதும், தாண்டினால் இரண்டு வேண்டும். நம் வகுப்பறை 985 சதுர அடி என்று வையுங்கள். ஏரியாவை வெறும் 20ஆல் வகுத்தால் யூனிட் பொருந்தவில்லை என்று ரெவிட் மறுத்துவிடும். 20 சதுர அடி என்று யூனிட்டோடு கொடுக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் நியாயமான எரிச்சல். பரப்பைப் பரப்பால் வகுத்தால்தானே தலைக்கணக்கு வரும்? இந்த இடத்தில் எக்செல்லைவிட ரெவிட் நல்ல வாத்தியார்.

விடை 49.25. ஃபார்மேட்டிங்கில் தசமத்தை எடுத்துவிட்டால் 49 என்று தெரியும். ஒரு கதவு போதும் போல! ஃபார்முலாவிலேயே ரவுண்டப் போட்டால் 50, அப்போது இரண்டு கதவு. ஃபார்மேட்டிங் மாற்றியது முகத்தை மட்டும்தான், உள்ளே 49.25 அப்படியே இருக்கிறது. இதே மாதிரி மூன்று அறை இருந்தால் வரிசையாக 49, 49, 49 என்று காட்டிவிட்டு, கீழே மொத்தம் 148 என்று போடும். யூனிட்டில் அவ்வளவு கறாராக இருந்த வாத்தியார் இங்கே தூங்கிவிட்டார். தாளில் அச்சாகும்போது ஃபார்முலா எங்கேயும் தெரியாது. விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்ப்பவர் கையில் இருப்பது ஒரு 49, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த எண் ஷெட்யூலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பது. அது அறையின் பாராமீட்டர் அல்ல. இன்னொரு ஷெட்யூல் அதை எடுக்க முடியாது. வரைபடத்தில் அறை டேக்கில் காட்ட வேண்டுமானால், புதிய பதிப்புகளில் டேக்குக்குள் அதே ஃபார்முலாவை மறுபடி எழுத வேண்டும். ஆக, ஒரே கணக்குக்கு இரண்டு பிரதி. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் ஷெட்யூல் ஒன்று சொல்லும், வரைபடம் வேறு சொல்லும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்று சொல்லித்தான் இந்த மென்பொருள் 2000இல் சந்தைக்கு வந்தது. 2002இல் ஆட்டோடெஸ்க் வாங்கியதும் அந்தப் பெருமைக்காகத்தான்.

டைனமோ ஸ்கிரிப்ட் எழுதி, விடையை நிஜமான பாராமீட்டரில் பதித்துவிடுபவர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் நாளைக்குச் சுவரை ஒரு அடி நகர்த்தினால் ஏரியா மாறும், பதித்த எண் மாறாது. யாராவது ஸ்கிரிப்டை மறுபடி ஓட்ட வேண்டும். உயிருள்ள எண் வேண்டுமென்றால் அது வெளியே வராது, வெளியே வந்தால் உயிர் இருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் ரெவிட் தருகிறது. ஒரு பாராமீட்டர் இன்னொன்றைச் சார்ந்து, அது சுற்றி வந்து முதலாவதையே சார்ந்துவிடும் என்கிற பயம் இந்த வடிவமைப்புக்குப் பின்னால் இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் ஏரியாவிலிருந்து தலைக்கணக்கு எடுப்பதில் எந்தச் சுற்றும் கிடையாதே.

இப்போதைக்கு என் வழக்கம் இது: ரவுண்டப்பை ஃபார்முலாவிலேயே வைப்பேன். நெடுவரிசைத் தலைப்பில் 'ஏரியா ÷ 20 ச.அடி, மேல்நோக்கி' என்று எழுதிவிடுவேன், அச்சிலும் தெரியும். 49ஐத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட் கொடுப்பேன். சிவந்த அறைக்கு இரண்டு கதவு இருக்கிறதா என்பது மட்டும் அந்த ஷெட்யூலுக்குத் தெரியாது. அறை ஷெட்யூல் கதவுகளை எண்ணாது. அதற்கு வரைபடத்தைத் திறந்து, விரல் வைத்து எண்ண வேண்டியதுதான்.