மனவரைபடமும் மனப்பாடமும்

விருதுநகர் மாவட்டத்தாருக்குத் தேர்ச்சி விழுக்காடு என்றால் தனிப் பெருமை. பிளஸ் டூ முடிவுகளில் பல ஆண்டுகள் மாநில முதலிடம் இங்கேதான் வந்தது. மாலை வகுப்பு, மெல்லக் கற்போர் கையேடு, ஓயாத தேர்வுகள் என்று உழைத்து வாங்கிய இடம் அது. ஆனால் அதே உழைப்பில் வளர்ந்த ஆங்கிலவழிப் பிள்ளையிடம், உராய்வு பற்றி நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் சொந்தமாகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள விடை வரி பிசகாமல் வரும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் திணறிவிடும்.

இதைச் சரிசெய்யும் முறை நம்மிடமே இருந்தது. 2007-08 வாக்கில் அரசுப் பள்ளிகளில் நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. எந்தப் பாடமானாலும் பிள்ளை தானே படித்து, புரிந்ததை மனவரைபடமாக வரைந்து, குழுவில் பேசித் தொகுத்து, வகுப்பின் முன் சொல்லி, பிறகு சொந்த நடையில் எழுத வேண்டும். மொழிப் பொறுப்பு எல்லாப் பாட ஆசிரியருக்கும் உண்டு என்று 1975-இல் இங்கிலாந்தில் புல்லக் அறிக்கை சொன்னது. அந்தக் கருத்தை வகுப்பறை வேலையாகவே மாற்றிய முறை இது. பேசிப் பார்த்த பின் எழுதுவது என்ற அந்த வரிசைதான் இதன் பெரிய பலம்.

பலவீனமும் வரிசையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டமான வகுப்பில் குழுவுக்கு ஒரு வாயாடிப் பிள்ளை பேசும், மற்றவை பின்னால் நிற்கும். மனவரைபடம், பார்வையிட வரும் அதிகாரிக்குக் காட்டும் வண்ணப்படமாகச் சுருங்கியது. தேர்வு மட்டும் பழைய விடைகளையே கேட்டது.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவியபோது சிக்கல் முற்றியது. ஆசிரியர் தமிழில் விளக்குகிறார். பிள்ளை கரும்பலகையில் உள்ள ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுகிறது. தமிழில் விளக்கும் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புரிய வைக்க வேறென்ன வழி? விட்டுப்போனது நடுவில் உள்ள படி: தமிழில் புரிந்ததைப் பிள்ளை தன் ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாகவேனும், வாய்விட்டுச் சொல்லும் படி.

சிவகாசி வட்டாரத்தில் அதற்குக் கைப்பொருள் நிறைய. பட்டாசு மருந்து கலக்கும் இடத்தில் இரும்புச் சாமான் ஏன் கூடாது என்பது பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். ஸ்ட்ரான்சியம் சிவப்பாகவும் பேரியம் பச்சையாகவும் எரிவதைத் தீபாவளிக்குத் தீபாவளி பார்க்கிறது. முதலில் தமிழில் பேசட்டும். உராய்வு, பொறி, கலவை ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதலாம். ‘பிகாஸ்’, ‘இஃப்’ வைத்து இரண்டு வாக்கியச் சட்டங்கள் கொடுக்கலாம். ஆங்கில ஆசிரியர் தேவையில்லை, அறிவியல் ஆசிரியரே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. வெடிவிபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். அதனிடம் வெடிமருந்தைப் பேசச் சொல்வது பாடமாகாது. அச்சாபீஸ் மையும் காகிதமும் அதற்கு மாற்றாக உதவும்.

இந்த வாக்கியச் சட்டங்களும் பிள்ளையின் நிலைக்கேற்ப மாற வேண்டும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறது. ஆறாம் வகுப்புக்கு மேல்தான் ஆங்கிலத்தில் பிள்ளைகளுக்கிடையே இடைவெளி இன்னும் அகலமாகிறது. நிலை பிரிப்பது அங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

மதிப்பெண் இல்லாத எதையும் இந்த மாவட்டம் சீரியசாக எடுத்துக்கொள்ளாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்குள்ள 25 மதிப்பெண்ணில் சிறு பங்கை வாய்மொழி விளக்கத்துக்கு ஒதுக்கலாம் என்று தோன்றும். தேர்ச்சிக்காக அதையும் எல்லாருக்கும் அள்ளிப் போட்டுவிடுவார்கள் என்ற சந்தேகமும் கூடவே எழும். பொதுத்தேர்வின் நெருக்கடி இல்லாத எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் வாய்மொழி விளக்கத்தை முதலில் செய்து பார்ப்பதே நடக்கக்கூடிய காரியம்.