"இருந்து" என்னும் சொல்

விலைப்பட்டியல்களை விமர்சகர் எவரும் கையிலெடுப்பதில்லை. நாவலையும் கவிதையையும் துருவித் துருவி ஆராயும் நாம், நமது சட்டைப்பையில் கைவைக்கும் எழுத்தை மட்டும் ஏனோ வாசியாது விட்டுவிடுகிறோம். திகனவிலிருந்து பஸ் ஏறிக் கண்டி நகரத்துக்கு மடிக்கணினி வாங்கச் செல்லும் பாடசாலை ஆசிரியர் ஒருவர் விளம்பரத்தில் முதலிற் காண்பது, "இவ்விலையிலிருந்து" என்பதைத்தான். அந்த "இருந்து" என்னும் உருபினுள்ளேதான் வாணிகம் முழுவதும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

அப்பிள் கம்பனியின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பரில் வெளிவந்த மக்புக் எயார், அமெரிக்காவில் 999 டொலரிலிருந்து. நினைவகம் 8 கிகாபைட். சேமிப்பகம் 256 கிகாபைட். நினைவகத்தை இரட்டிப்பாக்க 200 டொலர். சேமிப்பகத்தை இரட்டிப்பாக்க இன்னுமொரு 200. பழைய மடிக்கணினிகள் பலவற்றில், ஈராண்டு கழித்துக் கையிற் காசு சேர்ந்தபின், நினைவகப் பலகையொன்றை வாங்கிச் செருகிக்கொள்ள முடிந்தது. இதிலோ நினைவகம் செயலியோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால் வேகம் கூடுகிறது என்பது மெய்; ஆனால் வேகம் 200 டொலருக்கு விளக்கமாகாது. காசில்லாத அன்றைக்கே, காசுள்ளவனைப்போல் ஐந்தாண்டுத் தேவையைக் கணித்து வாங்க வேண்டுமாம்!

அடக்கவிலை கூடுவதால் அல்லவா விற்பனைவிலை கூடுகிறது என்பார் உளர். 2024 அக்டோபரில் அதே கம்பனி, விற்பனையிலிருந்த மக்புக் எயார் வகைகளின் அடிப்படை நினைவகத்தை 16 கிகாபைட்டாக உயர்த்தியது. தொடக்கவிலை ஒரு டொலரேனும் ஏறவில்லை. முதல்நாள்வரை 200 டொலர் பெறுமதியென்று சாதிக்கப்பட்டது மறுநாள் இலவசமாயிற்று.

தந்திரம் புதிதன்று. மூன்றாம் வகுப்புப் புகைவண்டிப் பெட்டிகளுக்குக் கூரையில்லாதது செலவுக்கு அஞ்சியன்று, இரண்டாம் வகுப்புக்குப் பணங்கொடுக்கக் கூடியவன் அங்கே ஏறிவிடாதிருக்கவே என்று ஜூல் டுப்புயி என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் 1849இலேயே எழுதினார். கண்டிக்குப் புகைவண்டி வந்ததே 1867இல்தான்! 1990இல் ஐ.பி.எம். கம்பனி மலிவான லேசர் அச்சுப்பொறியொன்றை விற்றது. அது பெரும்பாலும் விலையுயர்ந்த பொறியேதான். நிமிடத்துக்குப் பத்துப் பக்கத்துக்குப் பதிலாக ஐந்து பக்கம் அச்சிடும்படி வேண்டுமென்றே தாமதப்படுத்தப்பட்டிருந்தது. 1991இல் இன்டெல் விற்ற 486 எஸ்.எக்ஸ். செயலியில் கணிதப் பகுதி முடக்கப்பட்டிருந்தது. பின்னர் அவ்வசதியை விரும்பியவர்க்கு விற்கப்பட்ட 487 என்பதோ உண்மையில் ஒரு முழுச் செயலி. செருகியதும் பழையதை உறங்கச் செய்துவிடும். மலிவாக வாங்கியவன் இரண்டு செயலிக்குப் பணங்கொடுத்து ஒன்றைப் பயன்படுத்தினான். 2010இல் அதே கம்பனி, விற்றுவிட்ட செயலிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த திறனைத் திறக்க 50 டொலருக்கு அட்டை விற்றது. எதிர்ப்பைச் சம்பாதித்த அத்திட்டம் மறுவருடமே கைவிடப்பட்டது.

செல்வர் கூடுதலாகக் கொடுப்பதனாலேயே எளியோர்க்கு மலிவாகக் கிடைக்கிறது என்பது இவ்வாணிகத்தின் நியாயவாதம். முற்றாகப் பொய்யென்று அதனைத் தள்ள நாம் துணியோம். மூன்றாம் வகுப்புச் சீட்டு இல்லையேல் பலர் பயணமே செய்திரார். ஆனால் பின்னாளில் தம் கையாலேயே கூரை வேய்ந்துகொள்ளும் வழியையும் அடைத்துவிட்டு மலிவைப் பற்றிப் பேசுவது எந்த நியாயம்? 2021இல் விற்பனைக்கு வந்த ஃபிரேம்வர்க் மடிக்கணினியில் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் வாங்கியவரே மாற்றலாம். மெல்லிய உடலில் அதற்கு இடமில்லை என்ற சாக்கு அதனோடு போயிற்று.

இலங்கையில் இந்த 200 டொலரின் பாரம் வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கணினியில் ஓர் ஆணிகூட மாறாமலே, 999 டொலர் இரண்டு இலட்சத்திலிருந்து மூன்றரை இலட்சத்துக்கு மேலாயிற்று. தெல்தெனியவுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்கிறார்கள். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. டொலர் 300 ரூபாவென்று வைத்துக்கொண்டாலும் அந்த 200 டொலர் 60,000 ரூபா: நாற்பத்துநான்கு நாட்கொழுந்து. அதுவும் கணினிக்கன்று, எட்டுக் கிகாபைட்டுக்கு.