நண்பனின் கையில் துப்பாக்கி

போர் நாவலில் எதிரி வேலிக்கு அப்பால் இருப்பான் என்றே நாம் எதிர்பார்க்கிறோம். மாண்ட்ரியலில் வாழும் ராவி ஹாஜ் 2006இல் வெளியிட்ட 'டி நீரோஸ் கேம்' அந்த வேலியையே பிடுங்கிவிடுகிறது. 1964இல் பெய்ரூத்தில் பிறந்த ஹாஜுக்கு இது முதல் நாவல். 2008இல் டப்ளின் இம்பாக் பரிசு பெற்றது. கதை சொல்லும் பஸ்ஸாமும் அவன் நண்பன் ஜார்ஜும் லெபனான் உள்நாட்டுப் போர்க்காலத்துக் கிழக்கு பெய்ரூத்தின் கிறித்தவப் பிள்ளைகள். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஜார்ஜ் கிறித்தவ ஆயுதக் குழுவில் சேர்கிறான். 1982 செப்டம்பரில் சப்ரா, ஷத்தீலா அகதி முகாம்களில் பாலஸ்தீனியர்கள் கொல்லப்பட்டதில் தன் பங்கை அவன் தன் வாயாலேயே பஸ்ஸாமிடம் சொல்கிறான். பஸ்ஸாமுக்கு அந்நியன் வெளியிலிருந்து வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். ஹாஜின் நடையும் இதற்கேற்ற நடைதான். பத்தாயிரம் என்ற எண் குண்டுகளுக்கும் சவப்பெட்டிகளுக்கும் மாறி மாறி வந்து, எண்ணி மாளாததை எண்ண முயலும் வெறியாகவே ஆகிவிடுகிறது. இது அலங்காரம், சாவை அழகாக்குகிறது என்பார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. நிதானமாக எண்ணும் திறனை இழந்த ஓர் இளைஞனின் மூச்சிரைப்பு அது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: அராபியரை அராபியரே கொல்வதாக எழுதினால், 1943 வரை லெபனானை ஆண்ட பிரான்ஸ் போன்ற நாடுகளின் பழைய இளக்காரத்துக்குத் தீனி போடுவதாகாதா? நாவலே பதில் வைத்திருக்கிறது. பாரிஸுக்குத் தப்பி வந்த பஸ்ஸாம் அங்கே பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் 'அந்நியன்' படிக்கிறான். அல்ஜீரியக் கடற்கரையில் ஓர் அராபியன் சுடப்படும் நாவல் அது. செத்தவனுக்கு அதில் பெயர்கூடக் கிடையாது. ஹாஜின் நாவலிலோ ஓர் அராபியன் 'நான்' என்று கதை சொல்கிறான், ஆசைப்படுகிறான், குற்றமும் செய்கிறான். அடிபட்டவனாக மட்டுமே காட்டப்படுவதும் பெயரற்றுக் கிடப்பதன் இன்னொரு வகைதான். ஆளப்பட்டவனின் விடுதலையில் தன் குற்றத்துக்குத் தானே பொறுப்பேற்கும் உரிமையும் அடங்கும் என்பதே இந்த நாவலின் பலம். ரானா, நபிலா என்னும் பெண்கள் பஸ்ஸாமின் பார்வைக்குள்ளேயே அடைபட்டிருப்பது மட்டும் உண்மையான குறை.

ஈழத்துப் போரை எழுதிய ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) எனக்கு இதன் உடன்பிறப்பாகவே தெரிகிறது; அதுவும் பாரிஸில் போய் நிற்கிறது, அதுவும் சொந்த இயக்கத்தின் கொடுமையை மறைக்கவில்லை. ஒரு விஷயத்தில் அது ஹாஜையும் தாண்டிப் போகிறது: அகதி விண்ணப்பத்தையே கதையின் வடிவமாக எடுத்துக்கொள்கிறது. நீ எப்படித் துன்பப்பட்டாய் என்று மட்டுமே கேட்கும் அந்தத் தாளுக்குள், துப்பாக்கி தூக்கியவனின் முழுக் கதையையும் அது கொண்டுவந்து வைக்கிறது.