காயானுபஸ்ஸனா: உடல் நோக்கும் உடல் வெறுப்பும்

பௌத்தத் தியானம் உடலை இழிவெனக் கருதி ஒதுக்குகிறது என்னும் கருத்தை மச்சிம நிகாயத்தின் 10ஆவது சுத்தமாகிய சதிபட்டானம் முழுதும் ஏற்கவில்லை. உடல் நோக்கு அதில் மூச்சிலிருந்து தொடங்கி, நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் என விரிகிறது. 31 உடற்கூறுகளை எண்ணும் பகுதி அவற்றைத் தூய்மையற்றவை என்றே சுட்டுகிறது. எனினும் அங்குள்ள உவமை, பல்வகைத் தானியம் நிறைந்த பையைத் திறந்து ஒவ்வொன்றையும் பிரித்தறிபவனைக் காட்டுகிறது. தானியத்தை எவரும் அருவருப்பதில்லை.

இவ்வேறுபாட்டின் கனத்தைச் சங்யுத்த நிகாயத்தின் வேசாலி சுத்தம் உணர்த்துகிறது. அசுபத் தியானத்தால் உடலை வெறுத்த துறவியர் பலர் உயிர்துறந்தனர் என அது கூறுகிறது. அதன்பின் புத்தர் கற்பித்ததும் உடலில் நிகழும் மூச்சை நோக்கும் பயிற்சியே. எனவே அருவருப்பு கருவியாகலாம், குறிக்கோளாகாது. பற்றும் வெறுப்புமின்றி உடலை உடலாகக் காண்பதே இப்பயிற்சியின் உட்கிடை எனல் பொருந்தும்.